கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பிள்ளை

ஆரே ஆற்றங்கரையில் சர்க்கரைக் கிழங்கு பயிரிட்டு மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவள் லீஸ்பெத் ஹென்னி. யாராவது கேட்டால் நாலு என்றுதான் சொல்வாள். தலைச்சன் செத்துப் பிறந்தது. ஆஸ்பத்திரித் தாதி அதைத் துண்டில் சுற்றித் தூக்கிப்போனாள். "பாக்காதே, மறந்துடு" என்றாள். எங்கே புதைத்தார்கள் என்று கேட்டுக் கேட்டு நாக்கு வறண்டதுதான் மிச்சம்.

அவள் வயலை ஒட்டிய மேட்டில் தொல்லியல்காரர்கள் தோண்டி, பழைய மாதா யாத்திரைக் கோயிலின் அடித்தளம் வெளிப்பட்டபோது, சுவரோரம் நெருக்கி நெருக்கிக் குஞ்சு எலும்புகள் கிடந்தன. ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்கு அந்தக் காலத்தில் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை. செத்துப் பிறந்ததை மலை தாண்டி இந்த மாதாவிடம் தூக்கி வருவார்கள். தணலில் உடம்பைச் சூடேற்றி, உதட்டில் இறகை வைப்பார்கள். அனலில் இறகு அசைந்தால் போதும், "மூச்சு வந்துடுச்சு!" என்று ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றி, கோயில் மண்ணிலேயே புதைப்பார்கள். பொய்தான். அந்தப் பொய்க்கு இருந்த ஈரம்கூடத் தன் காலத்து ஆஸ்பத்திரிக்கு இல்லையே என்று லீஸ்பெத் கொதித்தாள்.

ஆராய்ச்சி முடிந்ததும் எலும்புகளைத் திரும்பப் புதைப்பதாகச் சொல்லித்தான் எடுத்துப்போனார்கள். புதைத்தார்களா? காட்சிக்கூடம் கட்டித் திறப்புவிழா வைத்தார்கள். நடுவே கண்ணாடிப் பெட்டி; உள்ளே ஒரு முழம்கூட இல்லாத பிள்ளை. பக்கத்தில் மரப்பொம்மை, விளக்கு, இறகு. 'நீங்களும் அசைத்துப் பாருங்கள்' என்று பலகை வேறு. படிப்பு ஏறினால் இரக்கம் இறங்கிவிடுமா?

யாரோ இறகை ஊதினார்கள். சிரிப்பு எழுந்தது.

"என்னடா ரேட்டோ, ராட்டினம் ஒண்ணுதான் பாக்கி!" என்றாள் லீஸ்பெத். ஊர்த்தலைவன் ரேட்டோ அவள் மகனோடு படித்தவன்.

"வர்றவங்களுக்குப் புரியணும்ல ஹென்னியம்மா? நாலு சனம் வந்தாத்தானே ஊருக்கு நல்லது."

"அப்ப உங்கப்பன் எலும்பை வையி. நல்ல உசரம், தூரத்துலயே தெரியும்."

கூட்டத்தில் ஒருவர் சிரிப்பை இருமலாக்கினார்.

"ஐந்நூறு வருஷப் பழசும்மா. இப்ப யாருக்கு வலிக்கப்போகுது?"

"எனக்கு வலிக்குதுடா! இம்புட்டு தூரம் தூக்கிட்டு வந்தது எதுக்கு? நீ வேடிக்கை காட்டவா? புதைக்கத்தானே!"

தோளிலிருந்த கம்பளிச் சால்வையை உருவிப் பெட்டிமேல் போர்த்தினாள். நாற்காலியை இழுத்துப்போட்டு முன்னால் உட்கார்ந்தாள்.

வெளியே வாத்தியக்காரர்கள் குழலைத் தூக்கியபடி நின்றார்கள். ரேட்டோ முதலில் இறகை எடுத்துப் பைக்குள் திணித்தான். பிறகு பலகையைக் கழற்றினான். அவள் அசையவில்லை. கடைசியில் அவள் காதருகே குனிந்தான்.

"சால்வையை எப்பத்தான் எடுப்பீங்க?"

"நீ குழி வெட்டினதும்."