ரோஜாப்பூத் துண்டு

சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள் அவள். அந்தத் தெருவில் யார் வீட்டுத் தலையணை உறையில் ஒட்டுப் போட்டிருக்கிறது, எந்தப் பெரிய மனிதரின் பனியன் சல்லடையாகியிருக்கிறது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஒருவரைப் பற்றியும் வெளியே மூச்சு விட்டதில்லை, மனதுக்குள்கூட இளக்காரமாக நினைத்ததில்லை. துணி என்றால் கிழியத்தான் செய்யும். ஆனால் தன் வீட்டுத் துணி என்று வந்துவிட்டால் அந்த அறிவெல்லாம் எங்கே போய்த் தொலையுமோ!

குடியிருப்பு மூன்றாவது மாடியில். பால்கனிக்கு நேர் எதிர் மாடியில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் பொழுதன்றைக்கும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். ஆகவே வெளிக்கொடியில் ஏற மூன்றே மூன்று துணிகளுக்குத்தான் தகுதி உண்டு. கணவரின் வெள்ளைச் சட்டை, ஒரு நல்ல போர்வை, பெரிய ரோஜாப்பூ போட்ட ஒரு துண்டு. அந்தத் துண்டில் யாரும் கை துடைத்ததுகூடக் கிடையாது. அழுக்கே படாத அதைத் தினமும் நனைத்துப் பிழிந்து வெயிலில் போடுவாள்.

சாயம் போன நைட்டி, ஓட்டை பனியன், நைந்த பாவாடை எல்லாம் படுக்கையறையின் குறுக்கே கட்டிய கயிற்றில் சொட்டிக்கொண்டிருக்கும். சுவரெல்லாம் பூஞ்சை. எலக்ட்ரீசியனான கணவருக்கு இளைப்பு வந்ததில் என்ன ஆச்சரியம்?

"வெளியில போடேம்மா. மூச்சு முட்டுது" என்று அவரும் கெஞ்சிப் பார்த்துவிட்டார்.

"நாலு பேர் பார்த்தா என்னங்க நினைப்பாங்க?"

"அந்த நாலு பேர் யாருன்னு சொல்லு, நானே போய்க் கேட்டுட்டு வரேன்."

போன மாதம் டாக்டர் நேராகவே கேட்டார்: "வீட்டுக்குள்ள ஈரத்துணி காயப்போடுறீங்களா?"

"சேச்சே, இல்லீங்க டாக்டர்" என்றாள் இவள், பட்டென்று. டாக்டர் என்ன நினைப்பாராம்! மனைவியைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் அவரும் வாயை மூடிக்கொண்டிருந்தார். மருந்து கூடியது, இளைப்பு குறையவில்லை. தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது, இந்தத் தம்பதியை நினைத்தால்.

இன்று காலை வேலைக்குக் கிளம்பியவர் செருப்பு மாட்டக் குனிந்தார், நிமிர முடியவில்லை. கட்டிலில் சரிந்து, வாயைத் திறந்து திறந்து மூச்சுக்குத் தவித்தார். அவள் இன்ஹேலர் மருந்தை உறிஞ்சக் கொடுத்து முதுகைத் தடவினாள். மூச்சு மெல்லத் திரும்பியது. அப்போது மேலே தொங்கிய நைட்டியிலிருந்து ஒரு சொட்டு அவர் நெற்றியில் விழுந்தது. அதைத் துடைக்கக்கூட அவருக்குத் தெம்பில்லை.

அவளுக்கு வந்ததே கோபம்! கயிற்றைப் பிடித்து ஒரே இழுப்பு. எல்லாவற்றையும் வாரிக்கொண்டு பால்கனிக்குப் போனாள். நைட்டி, பாவாடை, பனியன் என்று ஒன்று விடாமல் உதறி உதறிக் கொடியில் போட்டாள். எதிரே தலைமையாசிரியை எழுந்து நின்றார்.

"ஏம்மா, ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். அந்த ரோஜாப்பூத் துண்டைத் தினமும் எதுக்குத் துவைக்கிற? பாவம், வீட்டுல யாருக்காவது வியாதியோன்னு நாங்கல்லாம் பேசிக்குவோம்."

நாலு பேர் நினைத்தது இதைத்தானா!

"உங்களுக்குக் காட்டத்தான் டீச்சர்!" தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். "இனிமே இதையெல்லாம் பாருங்க!"

கொடியிலிருந்த ரோஜாப்பூத் துண்டை உருவிக்கொண்டு உள்ளே ஓடி, கணவர் முகத்தைத் துடைத்தாள். அழகுக்கென்றே நெய்த அந்த வழவழத் துண்டு வியர்வையை இழுக்காமல் முகமெல்லாம் ஈஷியது.

"இது துடைக்கவே மாட்டேங்குதேம்மா" என்றார் அவர், மூச்சு வாங்கிக்கொண்டே.

அவளுக்கு வெட்கமாக இருந்தது. எதிர் மாடியை நினைத்து அல்ல, இந்த மனிதரின் முகத்தைப் பார்த்து. முந்தானையாலேயே நெற்றியைத் துடைத்துவிட்டாள்.

"எழுந்திரிங்க, டாக்டர்கிட்ட போவோம்" என்றாள். "நான் பொய் சொன்னேன்னு நானே சொல்றேன்."