பன்னிரண்டாம் அத்தியாயம் வரை

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இதில் ஒரு வரியைக்கூட நான் இட்டுக்கட்டவில்லை. எனக்கே நடந்தது. அதுவும் பட்டப்பகலில், ஜன்னல் இல்லாத ஓர் எடிட்டிங் அறையில்.

ஒரு பட நிறுவனத்தில் எனக்கு விசித்திரமான வேலை. படம் வெளியாவதற்கு முன் ஐம்பது அறுபது பேரைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டுவார்கள். இருட்டிலும் பார்க்கக்கூடிய கேமரா ஒன்று, திரைக்குக் கீழிருந்து அவர்கள் முகங்களைப் பிடித்துக்கொண்டிருக்கும். யார் எங்கே பயந்தார்கள், எங்கே கொட்டாவி விட்டார்கள் என்று அந்தப் பதிவைப் பார்த்துக் குறிப்பது என் பொறுப்பு. அலறுகிற முகங்களைப் பொறுக்கி ஒரு நிமிட விளம்பரமும் வெட்டித் தர வேண்டும்.

அந்த முறை வந்தது ஒரு பேய்ப்படம். வெளிநாட்டு நாவல் ஒன்றிலிருந்து எடுத்தது. அந்த நாவலை என் பதினாறாவது வயதில் மொழிபெயர்ப்பில் படித்தேன். பிறகு எத்தனை தடவை படித்தேனோ, பக்கம் பக்கமாக மனப்பாடம். உயிர்த்தோழிக்குக்கூட இரவல் தந்ததில்லை. எனக்கென்றே எழுதியது என்று ஓர் எண்ணம். இப்போது யார் யாரோ பாப்கார்ன் கொறித்துக்கொண்டே அதற்குப் பயப்படுகிறார்கள். வயிறு எரிந்தது.

"என்னம்மா, கட்டின புருஷனை எவளோ தள்ளிக்கிட்டுப் போன மாதிரி உக்காந்திருக்கே?" என்றார் எடிட்டர் அண்ணன்.

"இதுல பாதிப் பேருக்கு அது நாவல்னே தெரியாதுண்ணே."

"தெரிஞ்சா மட்டும் ரெண்டு டிக்கெட்டா எடுக்கப் போறான்? மூணாவது வரிசை ஓரத்துல ஒரு பொண்ணு இருக்கு பாரு. விளம்பரத்துக்கு அந்த மூஞ்சி ஒண்ணு போதும்."

சொல்லிவிட்டு டீ வாங்கப் போனார்.

பார்த்தேன். என் வயதுதான் இருக்கும். ஜடையை முன்னால் போட்டிருந்தாள். கண் சிமிட்டாமல் படம் பார்த்தாள். உதடுகள் மட்டும் அசைந்துகொண்டே இருந்தன.

பதிவில் ஒலி கிடையாது. அவள் முகத்தைப் பெரிதாக்கினேன். தூக்கிவாரிப் போட்டது. அவள் சொன்னது படத்தின் வசனம் இல்லை. புத்தகத்தின் வாக்கியங்கள். நான் வரி வரியாகக் கட்டிக்காத்த அதே மொழிபெயர்ப்பு. ஒரு சொல் பிசகவில்லை. நானும் கூடவே முணுமுணுத்துப் பார்த்தேன். நான் தடுமாறிய இடத்தில்கூட அவள் தடுமாறவில்லை.

பயம் வரவில்லை. என்னைவிட ஒருத்தியா என்ற ஆத்திரம்தான் வந்தது.

பக்கத்துத் திரையில் கூடவே ஓடிய படத்தில் கதாநாயகி நிலவறைக் கதவில் கை வைத்தாள். நாவலின் பன்னிரண்டாம் அத்தியாயம் அங்கேதான் முடியும்.

அவள் உதடுகள் சட்டென்று நின்றன.

முன்னால் சாய்ந்தாள். பதிவை வேகமாக ஓட்டினேன். அதன் பிறகு ஒவ்வொரு காட்சிக்கும், எதுவுமே தெரியாதவள் போல அதிர்ந்தாள். ஓகோ... பாதியில் மூடி வைத்தவளா! எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அவள் முகம் வந்த துண்டு ஒன்றைக்கூட விளம்பரத்தில் சேர்க்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

படம் முடிந்தது. அரங்கில் விளக்குப் போட்டார்கள். எல்லாரும் எழுந்து போனார்கள்.

அவள் போகவில்லை.

நேராகக் கேமராவைப் பார்த்தாள். உதடுகள் அசைந்தன.

"இப்படியா முடியுது?"

படத்தில் முடிவை மாற்றியிருந்தார்கள். என் வாய் சும்மா இருக்கவில்லை. யாருமில்லாத அறையில் திரையைப் பார்த்துச் சொன்னேன்.

"இல்ல. நிஜமான முடிவு எனக்குத் தெரியும். உனக்குச் சொல்ல மாட்டேன்."

அது முந்தின வாரம் எடுத்த பதிவு.

அவள் தலையைச் சாய்த்தாள்... காது கொடுத்துக் கேட்பவள் போல.

எழுந்தாள்.

கேமராவை நோக்கி நடந்தாள்... கிட்ட... இன்னும் கிட்ட...

திரை முழுக்க அவள் கண்கள்.

டப்.

திரை இருண்டது.

என் பின்னால்... நாற்காலி கிறீச்சிட்டது.

திரும்பவில்லை. கழுத்து திரும்ப மறுத்தது.

அண்ணன் டீயோடு உள்ளே வந்ததும்தான் எனக்கு மூச்சே வந்தது. நான் உளறியதைக் கேட்டுப் பதிவை முதலிலிருந்து ஓடவிட்டார். மூன்றாவது வரிசை ஓரம் காலியாக இருந்தது. கடைசி வரைக்கும் காலி.

"இங்கதானே இருந்துச்சு?" என்றார் மெதுவாக. "எங்க போச்சு?"

படம் வெளியான அன்று, விழாவுக்கு மொழிபெயர்ப்பாளர் வந்திருந்தார். ஐம்பது வயது அம்மா. என் பிரதியை நீட்டினேன். அட்டையில் இரண்டு பெயர்கள்.

"தங்கச்சி பாதி, நான் பாதி" என்றார். "அவளுக்கு ஒரு வினோதப் பழக்கம். முன்னாடியே படிச்சுட்டா எழுதுறப்ப ருசி போயிடும்னு சொல்லுவா. ஒரு அத்தியாயத்தை மொழிபெயர்த்து முடிச்சாத்தான் அடுத்ததைத் திறப்பா. பன்னிரண்டை முடிச்சா. மறுநாள் எந்திரிக்கவே இல்ல. இந்தக் கதை எப்படி முடியும்னு அவளுக்குத் தெரியாமலே போச்சும்மா."

கைப்பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்துக் காட்டினார்.

ஜடையை முன்னால் போட்டிருந்தாள்.

இப்போதெல்லாம் அந்தப் புத்தகத்தைத் திறந்தால், பக்கத்தில் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருப்பது தெரிகிறது. கடைசி அத்தியாயத்தை ஒரே ஒரு தடவை வாய்விட்டுப் படித்தால் போய்விடுவாளோ என்னவோ.

மனசு வரவில்லை. அழகான பாதி முழுக்க அவள் எழுதியது. முடிவாவது எனக்கு மட்டும் இருக்கட்டும்.

அவளும் போவதாக இல்லை.