சிகரெட்டுக்கு ஒரு பத்து நிமிட இடைவேளை

மூளையைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவர்கள் யாரும் மேடவாக்கம் அடுக்குமாடியில் குடியிருந்திருக்க மாட்டார்கள். இருந்திருந்தால் அவ்வளவு தைரியமாக எழுதியிருக்க மாட்டார்கள்.

நான் தாம்பரத்தில் எம்.எஸ்ஸி. உளவியல் படிக்கிறேன். அண்ணனுக்கு ஐ.டி. வேலை. எங்கள் பிளாக்கின் செயலாளரும் அவன்தான். தண்ணீர் டேங்கரை மேற்பார்வை பார்ப்பது அவன் செய்யும் தேசப்பணி. காலையில் லாரி ரிவர்ஸ் எடுக்கும், அந்த 'டீங் டீங்' பாட்டு கேட்கும், இவன் இறங்கிப் போவான். தரைக்கடியில் உள்ள சம்ப் நிறைகிறவரை டிரைவரோடு நின்று சிகரெட் ஊதுவான். போகப்போக, பக்கத்துத் தெருவில் ஏதோ ஒரு லாரி ரிவர்ஸ் எடுத்தாலும் கை தானாகச் சட்டைப் பையைத் தடவியது. மணிச் சத்தத்துக்கு எச்சில் விட்ட நாய்க்காவது டிகிரி கிடையாது. இவன் இன்ஜினியர்.

பிரசவத்துக்குக் கோவிலம்பாக்கம் அம்மா வீட்டுக்குப் போன அண்ணி, குழந்தைக்கு மூன்று மாதம் ஆகியும் திரும்பவில்லை. "சட்டைல அந்த வாடை இருக்கிற வரைக்கும் பாப்பாவைத் தூக்கிட்டு அங்க வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். அண்ணன் உடனே பாடி ஸ்பிரே வாங்கினான். அவன் அறிவு அதோடு நின்றுவிட்டது.

அப்போதுதான் அந்தக் கட்டுரைகள் கண்ணில் பட்டன. ஒரு சுகத்தோடு ஒட்டிக்கொண்ட நினைவைத் தட்டி எழுப்பினால், அது கொஞ்ச நேரம் இளகி நிற்குமாம். பத்து நிமிடம் விட்டு, அந்தச் சுகத்தைக் கொடுக்காமலே தூண்டுதலை மட்டும் திரும்பத் திரும்பக் காட்டினால், ஆசை பலம் குறைந்து இறுகுமாம். சில ஆய்வுகளில் பலித்ததாம், சிலவற்றில் இல்லையாம். பலிக்காதவற்றை நான் வேகமாகப் புரட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, லாரிச் சத்தத்தைப் போனில் பதிவு செய்து, அண்ணனைச் சோபாவில் உட்காரவைத்து ஒரு தடவை போட்டேன். கை பைக்குப் போயிற்று. அருமை, நினைவு விழித்துவிட்டது.

"இப்ப பத்து நிமிஷம் சும்மா இரு."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதாண்ணா!"

ஸ்பீக்கரை மாட்டிவிட்டு நிமிர்ந்தால் சோபா காலி. பத்து நிமிடம் கழித்து வாயில் மிட்டாயோடு வந்து உட்கார்ந்தான்.

"எங்க போன?"

"நீதானடி பிரேக் விட்ட? ஒரு தம் போட்டுட்டு வந்தேன். ம், ஆரம்பி."

இளகிய நினைவின் மேல் சுடச்சுட சிமென்ட் பூசிவிட்டு வந்திருக்கிறான்! ஆபீஸில் இடைவேளை என்றால் அவனுக்குத் தெரிந்த ஒரே அர்த்தம் அது. கட்டுரைகளில் இதற்கு ஒரு வரிகூடக் கிடையாது. அங்கே எல்லோரும் உட்காரச் சொன்ன இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள், பாவம்.

அடுத்த ஞாயிறு கதவைப் பூட்டிச் சாவியை நான் வைத்துக்கொண்டேன். ஸ்பீக்கரில் லாரி விடாமல் ரிவர்ஸ் எடுத்தது. மேல் வீட்டு மாமி பால்கனியிலிருந்து, "செகரெட்டரி சார், எத்தனை லாரிதான் சொல்லியிருக்கீங்க?" என்று கத்தினார். கடைசியில் அண்ணன் கொட்டாவி விட்டான். கொட்டாவி! நான் பூரித்துப்போனேன்.

மறுநாள் நிஜ லாரி வந்தது. அவன் இறங்கவில்லை. வாட்ச்மேனுக்குப் போன் போட்டு, "நீங்களே பாத்துக்கோங்கண்ணா" என்று சொல்லிவிட்டான். அந்த வாரம் முழுக்க அப்படித்தான். சனிக்கிழமை, கீழே டேங்கர் பாடும்போதே அண்ணியை அழைத்தேன்.

"கேக்குதா அண்ணி? லாரி வந்தாச்சு, அண்ணன் கீழ போகல. வாரம் பூரா போகல."

"இப்ப எங்க இருக்காரு?"

"மேல டேங்க்ல தண்ணி ஏறுதான்னு பாக்கப் போயிருக்கான்."

அண்ணிக்குப் பின்னால் பாப்பா சிணுங்கியது.

"எங்கம்மா அங்க வந்து தங்கினப்பல்லாம் அவர் தம் அடிச்சது மொட்டை மாடியிலதான். ஏறிப் பாத்துட்டுச் சொல்லு. நான் லைன்லயே இருக்கேன்."

ஏறிப் பார்த்தேன். மோட்டாரே ஓடவில்லை. அண்ணன் தொட்டி நிழலில் நின்று, கீழே லாரியை எட்டிப் பார்த்தபடி ஊதிக்கொண்டிருந்தான்.

"பாத்தியா, கீழ போகணும்னே தோணல. உன் டிரீட்மென்ட் சூப்பர்" என்றான்.

போனை நீட்டினேன். சிகரெட்டைக் கீழே போடாமல், இடது கைக்கு மாற்றிக்கொண்டு அதை வாங்கினான்.