அப்படி யாரும் இங்கே இல்லை

என் வாழ்நாளில் போலீஸிடம் ஒரே ஒரு பொய்தான் சொல்லியிருக்கிறேன். வாசலில் நின்று, கையில் அரிசி களைந்த பாத்திரத்தோடு, கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொன்னேன். சொல்லிவிட்டு அன்று சாயங்காலம்வரை எனக்கு ஏகப் பெருமை வேறு. அந்த வெட்கக்கேட்டை இப்போதாவது எழுதிவைக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். கல்யாணமாகி மதுரைக்குப் பக்கத்திலுள்ள ஒத்தக்கடைக்கு வந்து எனக்கு நான்காவது வருஷம். எங்கள் வீட்டு மாடியில் ஓர் அறை உண்டு. விவசாயம் படிக்க வரும் மாணவர்களுக்கு என் மாமியார் அதை வாடகைக்கு விடுவார். நான் வந்த வருஷமே கென்யாவிலிருந்து ஒருவன் அந்த அறைக்கு வந்தான். பெட்டியோடு அவன் இறங்கிய அன்று தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. அன்றைக்குச் சிலர் பேசிய பேச்சை எழுதக் கூசுகிறது. நான் மட்டும் என்ன யோக்கியம்? அவன் குளித்த தண்ணீர் கறுப்பாகப் போகிறதா என்று எட்டிப் பார்த்தவள்தானே!

ஆறு மாதத்தில் டீக்கடையிலேயே உட்கார்ந்து தமிழ் பழகிவிட்டான். நான் அக்கா ஆனேன், மாமியார் அம்மா ஆனார். ஒருநாள் துணி காயப்போட மாடிக்குப் போனேன். யானை படுத்திருப்பது போல ஊரை ஒட்டிக் கிடக்கும் ஆனைமலையையே அவன் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இது படுத்திருக்கிற யானைக்கா. எங்க ஊர்ல காலையில கதவத் தொறந்தா நடந்து போற யானை நிக்கும்" என்றான்.

"கோயில் யானையா?"

"யாரு யானையும் இல்லக்கா. அது பாட்டுக்கு வரும், அது பாட்டுக்குப் போகும்."

ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். யாருக்கும் சொந்தமில்லாத யானை! அந்த ஊரிலிருந்து கடல் தாண்டி ஒருவன் எங்கள் மேலூர் ரோட்டு மண்ணைப் படிக்க வந்திருக்கிறானே என்று எனக்கு மலைப்பாக இருந்தது. எங்கள் மண்ணில் படிக்க என்ன இருக்கிறது என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை.

படிப்பு முடிந்தது. நல்ல மார்க். ஆனால் அவன் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"படிச்சது அம்புட்டும் பேப்பர்ல இருக்குக்கா, கைக்கு வரலை. ஊருக்குப் போனா சர்ட்டிபிகேட்டை யாரும் கேக்க மாட்டாங்க. காஞ்ச காட்டைக் காட்டி, வெளைய வைன்னுவாங்க. நான் என்ன செய்வேன்?"

மேலூர் ரோட்டில் ஒரு விதைப் பண்ணைக்காரர் ஒரு வருஷம் தன்னோடு வேலை பழகச் சொல்லியிருந்தார். ஆனால் படிக்க வந்த விசாவில் வேலை செய்ய முடியாது. படிப்பு முடிந்த பிறகும் தங்கி வேலை பழக டெல்லி தனியாக அனுமதி தர வேண்டும். அதற்கு மனுப் போட்டிருந்தான். பழைய விசா முடிய ஒன்பது நாள்தான் பாக்கி. பாஸ்போர்ட்டைத் திறந்து அந்த முத்திரையைக் காட்டினான். தீப்பெட்டி அகலம்கூட இல்லை. இவன் எந்த மண்ணில் நிற்கலாம், எதுவரைக்கும் நிற்கலாம் என்பதெல்லாம் அதற்குள் இருந்தது. நான் பிறந்ததிலிருந்து நிற்கும் மண்ணுக்கு யாரிடமும் சீட்டு வாங்கியதில்லை. அப்படி ஒன்று உண்டு என்பதே அன்றுதான் எனக்கு உறைத்தது.

"அனுமதி குடுக்குமுன்ன, நான் இங்கதான் இருக்கேனான்னு விசாரிக்க ஆபீஸ்ல இருந்து ஆள் வருவாங்கக்கா" என்று மட்டும் சொல்லியிருந்தான். ஆபீஸ் ஆள் என்றால் பேண்ட் போட்டு, பையில் பேனா குத்தி, ஃபைலோடு வருவார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

வந்தது ஒரு போலீஸ்காரர். காக்கிச் சட்டை, சைக்கிள், கம்பு. 

"இங்க ஆப்பிரிக்காக்காரப் பையன் ஒருத்தன் குடியிருக்கானாமே?"

எங்கள் பக்கம் போலீஸ் ஒருவனைப் பேர் சொல்லித் தேடி வந்தால் அவன் வீட்டில் இருக்க மாட்டான். கட்டிலுக்கடியில் இருந்தாலும் இருக்க மாட்டான். யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை இது.

"அப்படி யாரும் இங்கே இல்லையே" என்றேன்.

அவர் தெருமுனை டீக்கடைக்குப் போனார். கடைக்காரர் என்னை மிஞ்சிவிட்டார். "அந்தப் பையனா? அவன் ஊருக்குப் போயி மூணு மாசம் ஆச்சுண்ணே!" அவன் காலையில் குடித்த கிளாஸை அப்போதுதான் கழுவிக்கொண்டிருந்தார். சலவைக்கடைக்காரர், அவன் சட்டையைத் தேய்த்துக்கொண்டே, அப்படி ஒருவனைப் பார்த்ததே இல்லை என்றார். பேசி வைத்துக்கொள்ளாமல் ஒரு தெருவே ஒரே பொய்யைச் சொன்னது. போலீஸ்காரர் நோட்டில் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் அவன் பண்ணைக்காரரைப் பார்த்துவிட்டு வந்ததும் எல்லோரும் சூழ்ந்துகொண்டோம். "உன்னைக் காப்பாத்திட்டோம் மாப்ள!" என்று டீக்கடைக்காரர் முதுகில் தட்டினார். நடந்ததை நான் அபிநயத்தோடு சொல்லிக் காட்டினேன்.

அவன் படியில் உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா, விசாரிக்க வர்ற ஆபீஸ் ஆளே அவர்தான். வெளிநாட்டுக்காரங்க கணக்கெல்லாம் போலீஸ்லதான் இருக்கு. நான் இங்க இல்லைன்னு அவர் எழுதிட்டா, டெல்லியில என் பேப்பரை மூடி வச்சிருவாங்க."

 எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவன் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"நீங்க எனக்கு நல்லதுதானக்கா நெனச்சீங்க" என்றான் பாவி.

மறுநாள் விடிந்ததும் மாமியார் குளித்து, பெட்டியிலிருந்த சுங்குடிச் சேலையைக் கட்டிக்கொண்டு நின்றார். போலீஸ் ஸ்டேஷன் இருக்கும் ரோட்டில் நடப்பதற்குக்கூட பயந்து, சுற்றுவழியில் சந்தைக்குப் போகிற பொம்பளை அவர்.

"எங்கத்தே கெளம்பிட்டீங்க?"

"போலீஸ் ஆபீஸுக்கு. நீயும் வா. வாய் உன்னதுதான?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் சொன்னது உண்மையாயிற்றே.

பஸ் ஸ்டாப்புக்குப் போனால் டீக்கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு நிற்கிறார். சலவைக்கடைக்காரரும் அவர் மனைவியும் வந்தார்கள். நாங்கள் யாரையும் கூப்பிடவில்லை. டவுன் பஸ் வருவதற்குள், அவனைச் சேர்க்காமலே பத்தொன்பது பேர் ஆகிவிட்டோம்.

"எந்த மண்டபத்துலக்கா கல்யாணம்?" என்று கண்டக்டர் கேட்டார்.

"வாய மூடிட்டு டிக்கெட்டக் கிழி" என்றேன்.

வெளிநாட்டுக்காரர் கணக்குப் பார்க்கும் மதுரை போலீஸ் ஆபீஸில் அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். நேற்று வந்த போலீஸ்காரர் பக்கத்தில் நின்றார். எங்களைப் பார்த்ததும் அவருக்கு முகம் சிவந்துவிட்டது. எங்கள் கென்யாக்காரப் பையன் எங்களுக்குப் பின்னால் தலைகுனிந்து நின்றான்.

"நேத்து இல்லேன்னீங்க, இன்னைக்கு இருக்கான்னு கூட்டிட்டு வர்றீங்க. நான் எதை நம்பி எழுதுறது?" என்றார் அதிகாரி.

 மாமியார்தான் முன்னால் போனார். 

"அய்யா, நேத்து பயத்துல பொய் சொன்னோம். இன்னைக்கும் அதே பயந்தான். ஆனா வந்திருக்கோம்ல."

 அதிகாரி ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். "சரி. நேத்து போலீஸ்கிட்ட பொய் சொன்னேன், இந்தப் பையன் எங்க தெருவுலதான் குடியிருக்கான்னு எழுதித் தரணும். அம்புட்டுப் பேரும் தனித்தனியா கையெழுத்துப் போடணும். பின்னாடி ஏதும் வில்லங்கம் வந்தா உங்களைத்தான் கூப்பிடுவேன். இஷ்டமிருந்தா போடுங்க."

எங்கள் ஆட்கள் தபால்காரர் நீட்டும் தாளில்கூடச் சும்மா கையெழுத்துப் போட மாட்டார்கள். போலீஸ் தாளில், பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டு, போடுவதா? பத்தொன்பது பேரும் தரையைப் பார்த்தோம்.

"வேண்டாம்மா, நான் ஊருக்கே போறேன். வாங்க வீட்டுக்குப் போவோம்" என்றான் அவன்.

"சும்மா இருய்யா" என்றார் மாமியார். எழுதத் தெரியாதவர். மையில் பெருவிரலை அழுத்தித் தாளில் வைத்தார். அடுத்து நான் போட்டேன். டீக்கடைக்காரர் நாலு முறை பேனாவை உதறினார், பிறகு முழுப்பெயரையும் எழுதினார். ஒருவர் பின் ஒருவராக மேஜைக்குப் போனார்கள். நேற்று கடைவாசலில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர்கூட, "நானும் பாத்துட்டுச் சும்மாதான இருந்தேன்" என்று சொல்லிக் கைநாட்டு வைத்தார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இவன் பெட்டியோடு வந்து இறங்கிய அன்று வாசலுக்கு ஓடிவந்து வாய்க்கு வந்ததைப் பேசிய அதே ஜனங்களா இவர்கள்! இத்தனைக்கும் நான் இவர்களோடு தினமும் தண்ணீர்க் குழாயில் சண்டை போடுகிறவள். 

அதிகாரி தாளை எடுத்து மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு அவனிடம் சொன்னார்: "தம்பி, நான் இந்த மதுரையில பொறந்து வளந்தவன். எனக்காக இம்புட்டுப் பேரு போலீஸ் ஆபீஸுக்கு வருவாங்களான்னு எனக்குத் தெரியாது." டெல்லியிலிருந்து பதில் வரும்வரை இருக்கலாம் என்று ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

அடுத்த மாதம் அனுமதி வந்தது. தபால்காரரைச் சுற்றித் தெருவே நின்றது. அவன் உறையைப் பிரித்தான், இங்கிலீஷில் ஒருமுறை மனதுக்குள் படித்தான். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி தமிழில் சொன்னான். விதைப் பண்ணையில் வேலை பழகலாம். இன்றிலிருந்து ஒரு வருஷம் இங்கே இருக்கலாம். டீக்கடைக்காரர் விசிலடித்தார். நான் அழுதுவிட்டேன்.

மாமியார் மட்டும் அந்தத் தாளைக் கையில் வாங்கி, படிக்கத் தெரியாத எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வருசந்தானாய்யா?" என்று கேட்டார்.