தலை காயும் வரை

சாரல் காலத்தில் தென்காசியில் தலை காயவைப்பது லேசான காரியம் இல்லை. வெயில் அடிப்பது போலத் தெரியும். அதை நம்பித் துண்டை அவிழ்த்தால் தூறிவிடும். பெரியவர்களே ஈரத்தலையோடு தும்மிக்கொண்டு திரிகிற அந்தச் சமயத்தில், மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த நான், இடுப்புவரை தொங்கும் முடியை ஐந்து மணிக்குள் காயவைத்தாக வேண்டியிருந்தது. காயாவிட்டால் என் அப்பாவை என்னிடமிருந்து பிரித்துவிடுவார்கள். அப்படித்தான் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

நம்பியதற்குக் காரணம் இருந்தது. அப்போது அம்மாவும் நானும் தென்காசியில் மாமா வீட்டு மாடியில் இருந்தோம். அப்பா சுரண்டையில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். கோர்ட்டில் கேஸ் நடந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரிய கோயில் முன்னால் என்னை அப்பாவிடம் விடுவார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு அதே இடத்தில் அப்பா என்னைத் திருப்பித் தர வேண்டும். வாடகை சைக்கிளுக்குக்கூட இவ்வளவு கெடுபிடி இருக்காது.

கொண்டுவந்து விடுவதும் கூட்டிப்போவதும் மாமாதான். விடும்போது செல்போனில் ஒரு போட்டோ, திரும்ப வாங்கும்போது ஒரு போட்டோ. வக்கீல் சொல்லியிருக்கிறாராம். நேராக நில் என்பார். சிரித்தால் அம்மாவுக்கு எதிராகப் போய்விடுமோ, முறைத்தால் அப்பாவுக்கு எதிராகப் போய்விடுமோ என்று பயந்து, வாயை இரண்டுக்கும் நடுவில் ஒரு மாதிரி வைத்துக்கொள்வேன். எல்லாப் போட்டோவிலும் பல்வலிக்காரி போல இருப்பேன்.

எனக்குச் சின்ன வயதில் மூச்சு இழுப்பு உண்டு. அதனால் பிள்ளையை அருவிக்குக் கூட்டிப்போகக்கூடாது என்று அம்மா தரப்பில் கோர்ட்டில் கேட்டு ஒரு நிபந்தனை வாங்கியிருந்தார்கள். "ஒரு நாளு ஈரத்தலையோட வரட்டும். அந்த ஒரு போட்டோ போதும். பெறவு கோர்ட்டுக்குள்ள வச்சுத்தான் பிள்ளைய பாக்க முடியும்" என்று மாமா அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்ததை நான் கேட்டிருக்கிறேன். அதிலிருந்து தண்ணீரைக் கண்டாலே ஒதுங்கிப் போவேன். ஊர் உலகமெல்லாம் வண்டி பிடித்துக் குற்றாலத்துக்கு வந்து குளித்துவிட்டுப் போக, பக்கத்திலேயே இருந்த நாங்கள் இருவரும் பண்பொழி மலைக்கோயில் படிகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தோம். அந்த முருகன் எங்களை அத்தனை தடவை பார்த்திருப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா வழக்கம்போல எங்கே போகலாம் என்று என்னைக் கேட்கவில்லை. பைக் நேராகக் குற்றாலம் ரோட்டில் திரும்பியது. பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"யப்பா, இது குத்தாலம் போற ரோடு."

"தெரியும்ட்டி."

"மாமா பாத்தா?"

"அதெல்லாம் பாத்துக்கிடலாம். பேசாம இரி."

ஐந்தருவியில் நல்ல தண்ணீர். கடையில் ஒரு மட்டமான கவுன் வாங்கி, இதைப் போட்டுக்கொண்டு குளி, உன் உடுப்பு நனையாமல் இருக்கட்டும் என்றார். உடுப்பைப் பற்றி யோசித்த மனுஷர் தலையைப் பற்றி யோசிக்கவில்லை. பெண்கள் பக்கம் அவர் வர முடியாது என்பதால், முன்பின் தெரியாத ஒரு அக்காவிடம், "யக்கா, பிள்ளைய கொஞ்சம் பிடிச்சுக்கிடுதியளா?" என்று கேட்டார்.

அந்த அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அம்மா வரலியா?"

"அவளுக்கு வேலை இருக்கு" என்றார் அப்பா. அம்மாவைப் பற்றி அவர் இவ்வளவு சாதாரணமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

அந்த அக்கா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். தண்ணீர் உச்சந்தலையில் விழுந்தது. முதலில் மூச்சு முட்டியது. அப்புறம் காது அடைத்தது. மாமா, வக்கீல், கோர்ட் எதுவும் கேட்கவில்லை. அப்படி ஒரு நிம்மதியை அந்த வருஷம் முழுக்க நான் அனுபவித்ததில்லை. பொய் சொல்வானேன், வெளியே வர எனக்கு மனசே இல்லை.

வெளியே வந்ததும் போன பயம் வட்டியோடு திரும்பி வந்தது. அப்பா தன் துண்டால் துவட்டிவிட்டார். ஆண்கள் துவட்டுவது எப்படி இருக்கும் என்று தெரியும்தானே. தலை ஆடியதே தவிர ஈரம் போகவில்லை. பைக்கில் முடியை விரித்துப்போட்டுக்கொண்டு வந்தேன். இலஞ்சி தாண்டுவதற்குள் தூறியது. ஒரு கடை ஓரம் ஒதுங்கியபோது அப்பா ரம்புட்டான் பழம் வாங்கி உரித்துத் தந்தார். நான் அதைத் தின்னாமல் கையிலேயே வைத்திருந்தேன். வருகிற போகிறவர்கள் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அழுதுவிட்டேன்.

"இப்பம் எதுக்கு அழுத?"

"தல காயல."

"காயலன்னா என்ன. கெடந்துட்டுப் போவுது."

இந்த மனுஷருக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று நினைத்தேன். அவருக்காகவும் சேர்த்து நானே பயப்பட வேண்டியதாயிற்று. அப்போதுதான் பெரிய கோயில் கோபுரவாசல் நினைவுக்கு வந்தது. சாரல் காலத்தில் அந்த வாசலுக்குள் நுழைந்தால் காற்று ஆளைத் தள்ளும். வேட்டியைப் பிடிப்பதா, அர்ச்சனைத் தட்டைப் பிடிப்பதா என்று ஆண்கள் திண்டாடுவார்கள். அங்கே போகலாம் என்று அப்பாவைப் பிடுங்கி எடுத்தேன்.

செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வாசலுக்குள் ஓடினேன். காற்றுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து நின்றேன். முடி முகத்துக்கு முன்னால் பறந்தது. அப்பா பக்கத்தில் நின்று விரலால் கோதிக் கோதிப் பிரித்துவிட்டார். சாமி கும்பிடப் போனவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போனார்கள். விஸ்வநாதரே, உச்சி மட்டுமாவது காய்ந்துவிடட்டும் என்று நானும் அங்கேயே நின்று வேண்டிக்கொண்டேன்.

குனிந்திருந்த என் கண்ணுக்கு முதலில் தெரிந்தது அம்மாவின் கால். இரண்டாவது விரலில் எப்போதும் மெட்டி இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு தடம் மட்டும் இருந்தது. நிமிர்ந்தேன். அம்மாவேதான். மாமாவைக் காணோம். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அழுவதற்குக்கூடத் தோன்றவில்லை.

அம்மா என் உச்சியில் கையை வைத்துப் பார்த்தாள். "உள்ள காயவே இல்ல" என்றாள். பிறகு முந்தானையை இழுத்து வேர்க்கால் வேர்க்காலாக ஒற்றியெடுக்க ஆரம்பித்தாள். "எந்த அருவியில குளிச்சிய?"

என்னைக் கேட்கிறாள் என்று நினைத்து வாயைத் திறந்தேன். ஆனால் அவள் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேஸ் தொடங்கியதிலிருந்து அவர்கள் நேருக்கு நேர் பேசியதில்லை. எதுவானாலும் என்னிடம் சொல்லியனுப்பி, உங்க அப்பாட்ட சொல்லு, உங்க அம்மாட்ட சொல்லு என்றுதான் நடக்கும்.

"அஞ்சருவி" என்றார் அப்பா.

"கூட்டமா?"

"ஞாயித்துக்கெழமைல்லா."

"இழுப்பு வந்துச்சா?"

"ஒண்ணும் வரல. நல்லாத்தான் குளிச்சா."

அவ்வளவுதான் பேச்சு. அம்மா ஒரு பக்கமும் அப்பா ஒரு பக்கமும் நின்று என் முடியைக் காற்றில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா ரம்புட்டான் பையை நீட்டினார். அம்மா வாங்கிக்கொண்டாள். மாமா ஏன் வரவில்லை என்று கேட்டேன். "அவன் இனும வரமாட்டான். நானே வருவேன்" என்றாள். போட்டோ யாரும் எடுக்கவில்லை. அன்றைக்கு எடுத்திருந்தால் நான் எல்லாப் பல்லையும் காட்டியிருப்பேன்.

சண்டை முடிந்துவிட்டது என்று நான் கண்டுபிடித்துவிட்டேன். அதற்கு மேல் ஒருத்தி என்ன யோசிப்பாள்? வீட்டுக்கு வந்ததும் மாடிப்படியில் இருந்த செருப்பு ஸ்டாண்டின் மேல்தட்டைக் காலி செய்தேன். என் பள்ளிக்கூட ஷூவையும் அம்மாவின் பழைய செருப்பையும் கீழே தள்ளிவிட்டு, பழைய துணியால் தட்டைத் துடைத்து வைத்தேன்.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் தீர்ப்பு வந்திருக்கிறது. இரண்டு பேரும் சம்மதித்துப் பிரிந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் யாருக்கு எதிராகவும் போட்டோ எடுக்க வேண்டியதில்லை. அருவிக்குப் போகலாம், நேருக்கு நேர் பேசலாம், பழம் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். இதையெல்லாம் அம்மா எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் சொன்னாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் வேலை முடிந்து படியேறி வந்தவள் ஸ்டாண்டைப் பார்த்து நின்றாள்.

"மேல்தட்டு எதுக்குட்டி காலியா கெடக்கு?"

"அப்பாவுக்கு" என்றேன்.

அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள். பிறகு மேல்தட்டைத் தொடாமல் அதைத் தரையில் சுவரோரமாக வைத்துவிட்டு உள்ளே போனாள். ஸ்டாண்டில் அவ்வளவு இடம் இருக்கும்போது அம்மா ஏன் தரையில் வைக்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.