கையோடு வந்த ஹேண்டில்பார்

எதிர்வீட்டுக்காரர் தொப்பையைக் குறைப்பதற்காக சைக்கிள் வாங்கியிருக்கிறார். நேற்று அது ஓர் அட்டைப் பெட்டியில் வந்து இறங்கியது. பிரித்துப் பார்த்தவர் பதறிப்போய் என்னைக் கூப்பிட்டார். "சார், எங்கயோ மோதின வண்டியத் தலையில கட்டிட்டான் சார். ஹேண்டில் கோணிக்கிட்டுக் கிடக்கு பாருங்க." பார்த்தேன். ஹேண்டில்பார் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு பக்கவாட்டில் திரும்பியிருந்தது. பெட்டியில் அடங்குவதற்காக அப்படித் திருப்பி அனுப்புகிறார்கள். நேராக்கி போல்ட்டை முறுக்கினால் சரியாகிவிடும். எந்த போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும், முறுக்காவிட்டால் என்னென்ன உடையும் என்று ஒரு புத்தகமே உள்ளே இருந்தது. புதுக் கிரீஸ் வாசனை வேறு. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவருக்கு நான் சிரித்தது பிடிக்கவில்லை.

நான் சிரித்தது அவரைப் பார்த்து இல்லை. முன்பு நான் தேனியில் வேலை பார்த்தபோது, ராசண்ணனின் சைக்கிள் ஸ்டாண்டில் எல்லா வண்டிகளும் இப்படித்தான் நிற்கும். எங்கள் அலுவலகத்தின் பக்கவாட்டுச் சந்தில், அலுவலக இடத்திலேயே, மேலிடத்துச் சம்மதத்தோடு அவர் ஸ்டாண்டு வைத்திருந்தார். சந்து குறுகலானது. ராசண்ணனோ வந்தவரைத் திருப்பி அனுப்பத் தெரியாதவர். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். வண்டி வந்ததும் ஸ்பேனரால் ஹேண்டில்பாரின் நடு போல்ட்டைத் தளர்த்துவார், சுத்தியலால் அதன் தலையில் ஒரு தட்டு, ஹேண்டில்பாரைப் பக்கவாட்டில் திருப்பி, நெத்திலிக் கருவாடு மாதிரி வண்டிகளை அடுக்கிவிடுவார். எடுக்கும்போது நேராக்கி, முறுக்கிக் கொடுப்பார். பிரேக் கம்பி இருக்கும் வண்டிகளைத் திருப்ப முடியாது. அவற்றைப் "பணக்கார வண்டி" என்று தனியாக ஓரங்கட்டுவார். என் வண்டி ஏழை வண்டி. அதற்குச் செருப்புதான் பிரேக்.

நான் அந்த அலுவலகத்தில் தற்காலிகத் தட்டச்சர். பெயரெல்லாம் எதற்கு, ஒரு சின்ன அரசு அலுவலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மதுரையிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வந்து பார்த்து, நல்லபடியாக நாலு வரி எழுதினால் வேலை நிரந்தரம். எழுதாவிட்டால் திருப்பூருக்கு பஸ் ஏற வேண்டியதுதான். என் ஊரில் பாதிப்பேர் அங்கேதான் இருந்தார்கள். அந்த பஸ் நிற்கும் பக்கம்கூட நான் போக மாட்டேன்.

அவர் வரும் நாளில் பார்த்து அலுவலக ஜீப் படுத்துக்கொண்டது. "சைக்கிள எடுத்துட்டுப் போய்க் கூட்டிட்டு வாய்யா" என்றார் மேலாளர். சந்துக்கு ஓடினேன். ராசண்ணன் என் வண்டியை உருவி, ஹேண்டில்பாரை நேராக்கி, ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருந்தார்.

"இருங்க தம்பி, இன்னும் முறுக்கல."

"பெரிய ஐயா பஸ்ஸவிட்டு எறங்கியிருப்பாகண்ணே!" என்று சொல்லிக்கொண்டே ஏறி மிதித்துவிட்டேன். என் அவசரம் அப்படி.

போகும்போது ஒன்றும் ஆகவில்லை. திரும்பும்போது அதிகாரி கேரியரில் உட்கார்ந்திருந்தார். நல்ல கனமான மனிதர், மடியில் தோல்பை. வாய்க்கால் பாலத்து ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தேன். உச்சியில் ஹேண்டில்பாரை இழுத்துப் பிடித்து ஒரு தம் கட்டினேன் பாருங்கள், கிணற்றிலிருந்து வாளி வருவது போல அது தண்டோடு மேலே வந்துவிட்டது.

நீங்களாக இருந்தால் கத்தியிருப்பீர்கள். நான் கத்தவில்லை. பின்னால் இருப்பவர் கையில் என் வேலை இருக்கிறது. அவரிடம் போய் ஹேண்டில்பார் கழன்றுவிட்டது என்று எப்படிச் சொல்வது? நெஞ்சுக்கு நேரே அதைப் பிடித்துக்கொண்டு, எப்போதும் ஓட்டுவது போலவே உட்கார்ந்திருந்தேன். வண்டி தன் போக்கில் இறக்கத்தில் இறங்கியது. செருப்பைத் தரையில் தேய்த்தேன். வார் அறுந்து செருப்பு பாலத்திலேயே தங்கிவிட்டது.

"இடது பக்கம் திரும்புப்பா, அதுதான குறுக்கு வழி?" என்றார் அதிகாரி.

"ஆமா சார்" என்று ஹேண்டில்பாரை இடது பக்கம் திருப்பினேன். மரியாதை என்று ஒன்று இருக்கிறதல்லவா! வண்டி நேராகப் போயிற்று. எதிரே காய்கறிச் சந்தை. மணி ஹேண்டில்பாரில்தானே இருக்கிறது, அதை விடாமல் அடித்தேன். அந்தரத்தில் மணி அடித்துக்கொண்டு வந்த என்னைப் பார்த்து ஜனம் தானாகவே விலகிக்கொண்டது.

கொத்தமல்லிக் கட்டுகள் ஆள் உயரத்துக்குக் குவிந்திருந்தன. அதற்குள் போய் விழுந்தோம். யாருக்கும் அடி இல்லை. இன்றைக்கும் ரசத்தில் மல்லித்தழை வாசம் வந்தால் எனக்கு ஒரு கணம் வேலை போய்விட்டது போல இருக்கும்.

"ஏலே, ஹேண்டிலக் கைல புடிச்சுக்கிட்டு எங்கன போற?" என்று கடைக்கார அம்மா கூச்சல் போட்டார். கொத்தமல்லிக்குள்ளிருந்து அதிகாரியின் தலை மெதுவாக வெளியே வந்தது. என் கையைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார்.

"அப்ப இவ்வளவு நேரம் வண்டிய ஓட்டுனது யாருய்யா?"

மறுநாள் எனக்கு ஒரு மெமோ தயாரானது. அலுவலகத்தில் ஒரே தட்டச்சர் நான் என்பதால் நான்தான் அதைத் தட்டச்சு செய்தேன். 'மேலதிகாரியை ஏற்றிச் செல்கையில் கைப்பிடியை வாகனத்திலிருந்து பிரித்தது ஏன்? போல்ட்டைத் தளர்த்தியவர் யார்?' இரண்டு பிழைகளைத் திருத்தி, கையெழுத்து வாங்கி, எனக்கே கொடுத்துக்கொண்டேன்.

சிரிப்பு அதோடு நின்றது. ராசண்ணன் பெயரை எழுதினால் ஸ்டாண்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள். முறுக்கும்வரை நிற்காமல் போனேன் என்று எழுதினால் என் வேலை போய்விடும். சாயங்காலம் அவரே வந்து நின்றார்.

"எம் பேர எழுதிருங்க தம்பி. நான் வேற எங்கனயாச்சும் பாத்துக்கிருவேன். உங்களுக்கு வேல போயிறப்புடாது."

நிமிர்ந்து அவரைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. தப்பு என்னுடையது என்று அவருக்கும் தெரியும். இரண்டு பேரையும் காப்பாற்ற வேண்டுமென்று, 'பாலத்துச் சாலையின் குண்டு குழிகளால் போல்ட் தானாகத் தளர்ந்தது' என்று எழுதிவிட்டேன். பொய்தான். ஆனால் அந்தச் சாலை வேறு துறையுடையது. பெரிய அதிகாரிக்கு அப்படி ஒரு சந்தோஷம்! அந்தத் துறைக்குக் கடிதம் போட்டார். அவர்கள் சைக்கிளின் தகுதிச் சான்று கேட்டார்கள். இவர் கொத்தமல்லியின் எடை உட்பட எல்லாம் எழுதினார். நிரந்தர ஆணை வந்த பிறகும் அந்தக் கோப்பு போய்வந்துகொண்டுதான் இருந்தது. பதில்களை நான்தான் தட்டச்சு செய்தேன்.

ராசண்ணன் ஹேண்டில்பார் திருப்புவதை விடவில்லை. ஆனால் அந்த நாளுக்குப் பிறகு யார் வண்டியையும் சும்மா எடுத்துக் கொடுத்ததில்லை. முறுக்கி முடித்ததும் வண்டிக்கு முன்னால் போய் நிற்பார். முன்சக்கரத்தை இரண்டு முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, ஹேண்டில்பாரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பலங்கொண்ட மட்டும் முறுக்குவார். சேறு பட்டு அவர் வேட்டியில் முழங்கால் பக்கம் எப்போதும் கறையாகவே இருக்கும். அசையவில்லை என்றால்தான் வழிவிடுவார். "இப்பப் போங்க தம்பி." அவசரத்தில் எரிச்சலாக வரும். ஆனால் நான் ஒருநாளும் முந்திக்கொண்டு ஏறியதில்லை.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்குத் தேனி போயிருந்தேன். சந்து இருந்த இடத்தில் இப்போது வண்டி நிறுத்துமிடம், இரும்புத் தகரக் கூரையோடு. சைக்கிள் ஒன்றுகூட இல்லை. ராசண்ணன் போய்ச் சேர்ந்து ஆறேழு வருடம் ஆயிற்றாம், எனக்கு யாரும் சொல்லவில்லை. ஸ்கூட்டரை விட்டதும் ஒரு சீட்டு கொடுத்தார்கள். வண்டிக்கு ஏற்படும் எந்தச் சேதத்துக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல என்று அதில் அச்சடித்திருந்தது. திரும்பி வந்து சாவி போட்ட பிறகும் உடனே கிளம்பாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பின்னால் ஒருவர் ஹாரன் அடித்தார். முன்னால் யாரும் நிற்கவில்லை.