வெள்ளிக்கிழமையில் வந்த சூசையப்பர்

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் வந்தால் எங்கள் வீட்டுக் காலண்டர் ஊதா நிறமாகிவிடும். கடலூரில் பங்குக் கோயில் வாசலில் வருடப் பிறப்பன்று விற்கிற காலண்டர் அது. அந்தந்த நாள் பூசைக்குக் குருவானவர் அணிகிற உடுப்பின் நிறத்தை, தேதிக் கட்டத்தின் மூலையில் சின்னதாக அச்சிட்டிருப்பார்கள். திருநீற்றுப் புதனில் தொடங்கும் ஊதா அநேகமாகப் புனித வாரம் வரை போகும். நடுவில் மார்ச் பத்தொன்பது வெள்ளை. மாதாவின் கணவர் சூசையப்பரின் திருநாள். அன்று பீடத்தில் பூ வைப்பார்கள். தவக்காலத்தில் நிறுத்தி வைத்த வானவர் கீதம் அன்று கேட்கும். அல்லேலூயா மட்டும் வராது, அது பாஸ்கா என்கிற ஈஸ்டருக்குத்தான்.

பத்திரிகையில், அச்சுக்குப் போகுமுன் பக்கங்களைச் சரிபார்க்கிற வேலை எனக்கு. விதியைப் படித்ததும் அதன் விலக்கு எங்கே என்று தேடுவது இந்த வேலையில் ஒட்டிக்கொள்கிற பழக்கம். அதனால் அந்த வருடம் திருநாள் வெள்ளிக்கிழமையில் விழுவதைக் காலண்டர் வாங்கிய அன்றே பார்த்துவிட்டேன். பெரிதாக நினைக்கவில்லை. பெரிதாக நினைத்தவர் என் தங்கையின் கணவர்.

அவர்கள் இருப்பது கீரப்பாளையம் தாண்டி, சேத்தியாத்தோப்பு போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தெரு. இருபது வீட்டுக்கு மேல் இருக்கும், எல்லாம் கத்தோலிக்கக் குடும்பங்கள். தெருக் கோடியில் சூசையப்பர் பெயரில் ஒரு சிற்றாலயம். அடுத்த தெருவில் இந்துக் குடும்பங்கள். திருவிழாவுக்கு அவர்களும் வருவார்கள், அங்கே திருவிழா என்றால் இவர்கள் போவார்கள்.

தங்கை மகன் சிதம்பரத்தில் ஒரு மொபைல் கடையில் வேலை பார்த்தான். முந்தைய வருடம் அறுவடை நேரத்தில், வேலை முடிந்து வண்டியில் வரும்போது நெல் காயப்போட்டிருந்த சாலையில் சறுக்கி விழுந்தான். வலது காலில் இரண்டு இடத்தில் முறிவு. கம்பி வைத்தார்கள். நடப்பான், ஆனால் எப்போது என்று சொல்ல முடியாது என்றார் மருத்துவர். அன்று மாலையே அவன் அப்பா சிற்றாலயத்துக்குப் போய், தெருவில் நாலு பேர் கேட்க, வாய்விட்டு நேர்ந்துகொண்டார். பையன் எழுந்து நடந்தால், வருகிற திருநாளுக்கு ஆடு அடித்துத் தெருவுக்கே விருந்து. மறு வாரமே ஒரு கிடாக்குட்டி வாங்கிக் காதில் அடையாளம் போட்டுக் கட்டினார். அதற்குப் பெயரே சூசையப்பர் கெடா என்றாகிவிட்டது. நேர்ந்து விட்ட கிடாவை விற்கக் கூடாது, மாற்றக் கூடாது, நாளையும் தள்ளக் கூடாது. பொங்கலுக்கு நான் போயிருந்தபோது பையன் கோலை வைத்துவிட்டு வாசல் வரை நடந்து வந்து என் பையை வாங்கினான். கிடா அவனைவிட நன்றாக இருந்தது.

தவக்காலம் தொடங்குவதற்குச் சில நாள் முன்பு தங்கையின் கணவர் போன் செய்தார்.

"மச்சான், பத்தொன்பதாந்தேதி வெள்ளிக்கெழமை ஆவுதே, பாத்தியா?"

"பாத்தேன் மாப்ள."

"தவக்காலத்து வெள்ளி. கறி ஆக்கலாமா? பேப்பர்ல இருக்கற, உனக்குத் தெரியும்னுதான் கேக்கறேன்."

பேப்பருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் பதில் எனக்குத் தெரிந்திருந்தது. தவக்காலத்து வெள்ளிகளில் கறி சேர்க்காத சுத்தபோசனம் உண்டு; ஆனால் சூசையப்பர் திருநாள் மாதிரி ஒரு பெருவிழா அன்று விழுந்தால் அது கிடையாது, கறி சாப்பிடலாம். இருந்தாலும் எங்கள் பங்குக் குருவிடம் ஒரு முறை கேட்டேன். அதுதான் சட்டம் என்றார். மாப்பிள்ளை தன் பங்குக் குருவிடமும் கேட்டார். அவரும் அதையே சொன்னார். அன்று மாலையே சேத்தியாத்தோப்பில் சமையல்காரருக்குச் சொல்லியாகிவிட்டது, பந்தலுக்கும் சொல்லியாகிவிட்டது.

திருநாளுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை எனக்கு வார விடுமுறை. விருந்து ஏற்பாட்டுக்கு உதவலாம் என்று தங்கை வீட்டுக்குப் போனேன். தங்கை ஆளுக்கு இரண்டு கரண்டி உப்புமா வைத்துக்கொண்டே கேட்டாள்.

"அண்ணே, இவரு பாட்டுக்கு ஆடு அடிக்கறேன் அடிக்கறேன்னு நிக்கிறாரே, யாரு திங்கறதாம்?"

"ஏன், தெருவே திங்கும்" என்றார் மாப்பிள்ளை.

"தெருவே கவுச்சிய உட்டுட்டுக் கெடக்குது. நானே உட்டுட்டேன். உங்களுக்குத் தெரியாதா?"

அவர் இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அந்தத் தெருவில் தவக்காலம் முழுவதும் கவுச்சி சேர்ப்பதில்லை. கறி மட்டுமல்ல, மீன், முட்டை எதுவும் கிடையாது. திருச்சபை அப்படிக் கேட்கவில்லை. வெள்ளியில் இறைச்சியை விடு என்பதோடு அது நின்றுகொள்கிறது. ஆனால் அடுத்த தெருவில் மாலை போட்டவர்கள் ஒரு மண்டலம் சுத்தமாக இருப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இவர்கள். நாற்பது நாளில் பாதி நோன்பு என்பது இவர்களுக்கு விளங்காது. கடலூரில் எங்கள் பக்கத்தில் வெள்ளிக்கிழமைதான் மீன் கடையில் கூட்டம் ஜாஸ்தி. இங்கே கருவாட்டுப் பானையைக்கூடக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள்.

அதுவும் சும்மா விடுவதில்லை. திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசும்போது ஒவ்வொருவரும் மனதுக்குள் ஒன்றைக் கேட்டுக்கொண்டு விடுகிறார்கள். மகளுக்கு வரன், மருமகளுக்குக் குழந்தை, தேர்வு. அவர்களை நிறுத்துவது திருச்சபைச் சட்டம் அல்ல, அவரவர் கொடுத்த வாக்கு. நாங்கள் சட்டத்தை இரண்டு குருக்களிடம் சரிபார்த்தோம். சாப்பிட வேண்டியவர்கள் யார் என்பதைச் சரிபார்க்கவில்லை. முகவரி சரியாக இருந்து ஆள் ஊரில் இல்லாத மாதிரி ஆகிவிட்டது.

அன்று மாலை சிலுவைப்பாதை செபம் முடிந்து எல்லோரும் சிற்றாலயத்து முன்னால் நின்றிருந்தபோது, மாப்பிள்ளை நேராகப் பங்குக் குருவிடம் போய் விஷயத்தைச் சொன்னார். குரு இளைஞர், வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவருக்கு இது எளிதாகத் தோன்றியது.

"பங்குக் குருங்கற முறையில எனக்கு அதிகாரம் இருக்கு. உங்க எல்லார் நேர்ச்சையிலயும் அந்த ஒரு நாளுக்கு விலக்கு குடுக்கறேன். பாவம் இல்ல. சாப்புடுங்க."

 முன்வரிசையில் நின்ற ஒரு பெண், ஆசிரியை, மரியாதையாகச் சொன்னார்.

"ஃபாதர், நீங்க சொன்னா சரிதான். ஆனா அது உங்ககிட்ட சொன்னது இல்லயே. ஆண்டவர்கிட்ட சொன்னது."

"சரி, அப்ப இவரு நேர்ச்சைய மாத்திக் குடுக்கறேன். ஆட்ட பாஸ்காவுக்கு அடிக்கட்டும்."

"அது மட்டும் முடியாது ஃபாதர்" என்றார் மாப்பிள்ளை. "திருநாளுக்குன்னு சொல்லிட்டேன். புள்ள காலு."

அந்த இரண்டு சொல்லில்தான் எல்லாம் இருந்தது. அவருக்கு விருந்தோ கிடாவோ முக்கியமில்லை. அந்தக் கால் இன்னும் முழுதாகக் கூடவில்லை, உள்ளே கம்பி இருக்கிறது, எடுக்க இன்னொரு அறுவை இருக்கிறது. சொன்னபடி செய்யாவிட்டால் கால் போய்விடும் என்று அவர் நம்பினார். நம்பினார் என்று எழுதுவதுகூடச் சரியில்லை. கரண்ட் கம்பியைத் தொட்டால் அடிக்கும் என்பதை ஒருவர் எப்படி நம்புவாரோ அப்படி.

"நீ யாருகிட்ட நேந்துகிட்ட?" என்று தெருக்காரர் ஒருவர் என் தங்கையைக் கேட்டார்.

"மாதாகிட்ட. எம் புள்ள காலுக்குத்தான்."

"அவரு சூசையப்பர்கிட்ட, நீ மாதாகிட்ட. ஊட்ல நீங்க ரெண்டு பேரும் பேசிக்க மாட்டீங்களா? இப்ப மேல அவுங்க ரெண்டு பேருக்கும்ல சண்ட."

குரு சிரிப்பை அடக்கக் கைக்குட்டையை எடுத்தார். மற்றவர்கள் அடக்கவில்லை. மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை.

வழி சொன்னது தங்கைதான். வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

"ஆட்ட அன்னிக்கே அடிங்க. கூறு போட்டு ஊட்டுக்கு ஊடு பச்சையா குடுத்துடுங்க. எல்லார் ஊட்லயும் ஃப்ரிட்ஜ் இருக்குது. மேல ஐஸ் பெட்டியில வெச்சா பாஸ்கா வரைக்கும் தாங்கும். அன்னிக்கு ஆக்கித் தின்னுக்குவாங்க. மத்தியானம் சாம்பாரும் பாயாசமும் போட்டுடலாம்."

"கையில பொட்டலத்த குடுத்து அனுப்பறதுக்குப் பேரு கறிக்கட. விருந்து இல்ல."

"அப்ப இல போட்டு நீங்களே எல்லா இலையிலயும் உக்காந்து தின்னுங்க."

 பையன் கட்டிலில் உட்கார்ந்து முட்டியை மடக்கி நீட்டிப் பயிற்சி செய்துகொண்டிருந்தான். எண்ணி முடித்துவிட்டுச் சொன்னான்.

"யப்பா, நீ எதுக்கு நேந்துகிட்ட? நான் நடக்கணும்னுதான? கூற நான் எடுத்துட்டுப் போறேன். ஊட்டுக்கு ஊடு நடந்தே குடுத்துட்டு வரேன். யாரும் வந்து வாங்க வேணாம்."

"அவ்ளோ தூரம் டாக்டர் நடக்கச் சொல்லல."

"நின்னு நின்னுதான் போறேன். மாமா, நீங்க சொல்லுங்க."

 மாப்பிள்ளை எழுந்து வெளியே போய்க் கிடாவுக்குத் தழை போட்டார். திரும்பி வந்து, "சமையக்காரருக்குப் போன போடு. கறி வேணாம், சாம்பார்னு சொல்லு" என்றார்.

திருநாளன்று அலுவலகத்தில் சொல்லிவிட்டுக் காலையிலேயே போனேன். குரு வெள்ளை உடுப்பில் பூசை வைத்தார். வானவர் கீதத்தை நாற்பது நாள் பட்டினிக்குப் பிறகு போலப் பாடினார்கள். பூசை முடிந்ததும் குரு கிடாவின் மேல் தீர்த்தம் தெளித்தார். மறைவாக ஒரு வேப்பமரத்தடியில் அடித்து, வாழை இலைகளைப் பரப்பிக் கூறு போட்டார்கள். தொடையில் ஒரு துண்டு, விலாவில் ஒன்று, ஈரலில் கொஞ்சம் என்று எல்லாக் கூறும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அதில் அந்தத் தெரு தராசை நம்புவதில்லை, கண்ணைத்தான் நம்பும். நோன்பில் இருந்த நாலைந்து பேர் கறியைச் சுற்றி நின்று, இந்தக் கூறில் எலும்பு ஜாஸ்தி, அதில் கொழுப்பு ஜாஸ்தி என்று விடாமல் திருத்திக்கொண்டிருந்தார்கள்.

பையன் தூக்குச் சட்டியோடு கிளம்பினான். ஒவ்வொரு வாசலிலும் நின்று, இரண்டு கையாலும் கொடுத்தான். வாங்கியவர்கள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போனார்கள். ஃப்ரிட்ஜ் கதவு திறந்து மூடுகிற சத்தம் வாசல் வரை கேட்டது. ஒரு வீட்டில் ஃப்ரிட்ஜ் ரிப்பேர். அந்தக் கூறு எதிர்வீட்டு ஐஸ் பெட்டிக்குள் பெயர் எழுதிய உறையில் போனது. அடுத்த தெருவுக்கும் ஒரு பங்கு போனது, அங்கே அன்றைக்கே தாளிப்பு மணம் வந்துவிட்டது. அப்பா நாலடி பின்னால் வெறுங்கையோடு வந்தார். தெருவையோ ஆட்களையோ அவர் பார்க்கவில்லை. மகனின் வலது குதிகால் தரையில் முழுதாகப் படுகிறதா என்பதைத்தான் பார்த்தார். பாதித் தெருவில் பையன் ஒரு மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவரும் நின்றார். சட்டியை வாங்கக் கையை நீட்டினார், பிறகு இழுத்துக்கொண்டார்.

மத்தியானம் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து சாம்பார் சாப்பிட்டார்கள். நல்ல சாம்பார். மாப்பிள்ளை கடைசிப் பந்தியில்கூட உட்காரவில்லை. "இன்னும் முடியல மச்சான்" என்றார்.

அவர் கணக்கில் தெரு சாப்பிட்டால்தான் முடியும். அடுத்த ஞாயிறு கோயிலில் எல்லாப் புனிதர் சுரூபங்களையும் ஊதாத் துணியால் மூடினார்கள். புனித வாரத்தில் ஒரு நாள் லைன் மராமத்துக்காகப் பகல் முழுக்க மின்சாரம் இல்லை. வேலை நேரத்தில் எனக்குப் போன் வந்தது.

"மச்சான், கரண்ட் எப்ப வரும்னு உன் ஆபீஸ்ல தெரியுமா?"

"சாயங்காலம்னு போட்டிருக்கோம் மாப்ள."

"ஊடு ஊடா போயி ஃப்ரிட்ஜ திறக்காதீங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன். ஒருத்தி தயிர் எடுக்கத் திறந்துட்டா. கேட்டா, உங்க வேண்டுதலுக்கு நாங்க மோருகூட குடிக்கக் கூடாதான்றா."

சாயங்காலத்துக்கு முன்பே மின்சாரம் வந்தது.

பாஸ்கா ஞாயிறன்று நானும் மனைவியும் அங்கே போனோம். பத்து மணிக்கெல்லாம் தெரு முழுக்க ஒரே வாசனை. வீட்டுக்கு வீடு மசாலா வேறு, கறி ஒன்றுதான். மாப்பிள்ளை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினார். வாழ்த்துச் சொல்லப் போவதாகச் சொன்னார். ஆனால் அவர் கண் அடுப்படியில் இருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். "வெந்துடுச்சு, போய்யா" என்று ஒரு வீட்டில் விரட்டினார்கள். "உப்பு கம்மி, ஆட்டுக்கு உப்பு காட்டி வளத்தியா இல்லயா?" என்று ஒரு வீட்டில் கேட்டார்கள்.

கடைசியாக அந்த ஆசிரியை வீடு. அவர் கணவர் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். இலையில் எலும்பு மட்டும் கிடந்தது. மாப்பிள்ளை அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஆசிரியை பக்கத்தில் இன்னொரு இலையைப் போட்டு, "உக்காருங்க அண்ணே, நீங்கதான் இன்னும் சாப்புடல" என்றார். அவர் உட்கார்ந்தார். அந்தக் கிடாவின் கறியை அவர் வாயில் வைத்தது அப்போதுதான். மெதுவாக, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்ததும் வாசலில் நின்ற மகனைக் கூப்பிட்டார்.

"அந்தக் கம்பிய எடுக்கறதுக்கு டாக்டர்கிட்ட தேதி கேளு. நாளைக்கே கேளு."